பெங்களூர் பத்திரமான ஊரா?

பயத்தைப் போக்கிவிட்டு வருவதற்காக நாங்கள் பன்னிரண்டு பேர் பெங்களூரிலிருந்து கிளம்பிப் போனோம். கூடவே எங்கள் பேராசிரியை, அவருடைய முதுகுவலி பெல்ட், மூன்று பெட்டி கிரேயான், ஒரு கட்டு சார்ட் பேப்பர். சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் இப்படி ஒரு களப்பயணம் போனால்தான் மதிப்பெண் முழுதாகும். மற்ற கல்லூரிக்காரர்கள் கோலார் பக்கம் போய் நாலு தெருவில் கேள்வித்தாளை நிரப்பிவிட்டு சாயங்காலமே வீடு திரும்பிவிடுவார்கள். எங்கள் பேராசிரியைக்கு அதெல்லாம் காணாது. காஷ்மீரில் எல்லைக்கோட்டை ஒட்டிய மலைக் கிராமம் ஒன்றில் அவருக்குத் தெரிந்த தொண்டு நிறுவனம் இருந்தது. அங்கே எட்டு நாள் தங்கி, பெண்களிடமும் பிள்ளைகளிடமும் அவர்களுடைய அச்சங்களைப் பற்றிப் பேசி, அவற்றைக் குறைத்துவிட்டு வருவது எங்கள் திட்டம். குறைந்ததா என்று பார்க்க ஒரு படிவமும் வைத்திருந்தோம்.

வீட்டில் நான் ஹிமாச்சல் என்று சொல்லியிருந்தேன். ஆப்பிள் தோட்டத்துப் பெண்களோடு கேம்ப், மலையில் சிக்னல் கிடைக்காது என்றேன். வேறு வழி கிடையாது. அல்சூரில் பிறந்து, அல்சூரிலேயே கல்யாணம் ஆகி, மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டென்டென்ட் ஆகியிருக்கும் என் அம்மாவுக்கு, நான் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்ட் போய்வந்தாலே வெளிநாட்டுப் பயணம். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட வேண்டும். கிளம்பும்போது இன்னொன்று. அப்படிப்பட்டவரிடம் எல்லைக்கோடு, குண்டு என்றெல்லாம் சொன்னால் ரயில் ஏறுவதற்கு முன்பே என் களப்பயணம் முடிந்திருக்கும்.

ரயில், ஜீப், அப்புறம் இன்னொரு ஜீப், நடுவில் மூன்று இடத்தில் அடையாள அட்டைச் சோதனை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தோம். அழகான ஊர்தான். எதிர்ச்சரிவில் வீடுகள் தெரியும், அடுப்புப் புகை தெரியும்; அந்தப் புகை வேறு நாட்டுப் புகை. நாங்கள் போனபோது இரண்டு வருஷமாகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. அதற்கு முன்னால் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் குண்டு விழுந்த கதைகளை ஊரில் எல்லோரும், நாம் பவர்கட்டைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்கள்.

முதல் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, கிரேயானைக் கையில் கொடுத்து, "உங்க பயத்தைப் படமா வரைங்க" என்றோம். பேராசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவசரமே இல்லை, அழுகை வந்தாலும் பரவாயில்லை என்றார். முன்வரிசையில் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு வாண்டு கையைத் தூக்கியது.

"சோகப் படமா, நம்பிக்கைப் படமா?"

எங்களுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். போன வருஷம் வந்தவர்கள் முதலில் ஒரு சோகப் படம், பிறகு ஒரு நம்பிக்கைப் படம் என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனார்களாம். அதற்கு முந்தி வந்தவர்களுக்கு ஒன்றே போதுமானதாக இருந்ததாம். எங்களுக்கு எது வேண்டும் என்று சொல்லிவிட்டால் சாப்பாட்டு மணிக்குள் முடித்துவிடலாம். நாங்கள் அசடு வழிந்துகொண்டு இரண்டும் என்றோம். இருபது நிமிஷத்தில் முப்பது சோகமும் முப்பது நம்பிக்கையும் வந்து சேர்ந்தன. போட்டோ எடுப்பதற்கு ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று ஒரு பையன் யோசனையும் சொன்னான்.

பெண்கள் மூன்று பேரை ஒரு வீட்டில் தங்கவைத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் பஞ்சாபில் கம்பளி ஆலையில் வேலை. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். இங்கே அம்மாவும் பத்தொன்பது வயது மகளும் ஒரு மாடும் சில கோழிகளும். வீட்டை ஒட்டிப் பூமிக்குள் இறங்கும் கான்கிரீட் பங்கர் ஒன்று அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. குண்டு விழாத காலத்தில் அதை எப்படிச் சும்மா விடுவது? உள்ளே வால்நட் மூட்டை, மக்காச்சோளம், ரஜாய் என்கிற கனத்த குளிர்காலப் போர்வைகள் எல்லாம் அடுக்கியிருந்தன. கோழிகளுக்கும் அதுதான் வீடு.

அந்த அம்மாவை நாங்கள் ஆன்ட்டி என்றோம். அம்மாவும் மகளும் தங்களுக்குள் பஹாடியும் எங்களிடம் உருதுவும் பேசினார்கள். எனக்குத் தெரிந்தது அல்சூர் மார்க்கெட்டிலும் சிவாஜிநகரிலும் பொறுக்கிய உருது. நான் 'வேண்டாம்' என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி 'நக்கோ' என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் மற்றவர்களின் டிவி இந்தியைவிட என்னுடையது அவர்களுக்கு எளிதாகப் புரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆன்ட்டி எங்கள் எல்லோரையும் டீக்குக் கூப்பிட்டார். பேராசிரியையும் வந்தார். உப்புப் போட்ட டீ. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். போட்டோவில் அப்படித் தெரியவில்லை. மக்காச்சோள ரொட்டி வந்தது, வால்நட் வந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஆன்ட்டி எங்கள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்க பெங்களூர் எப்படிப்பட்ட ஊர்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை மட்டும் பெங்களூர்க்காரர்களிடம் கேட்கக் கூடாது. புலம்புவது எங்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. லிஃப்டில் இரண்டு பேர் ஏறினால் நாலாவது மாடிக்குள் டிராஃபிக்கை முடித்து, எட்டாவது மாடிக்குள் வீட்டு அட்வான்ஸுக்கு வந்திருப்போம். யாராவது "எங்க ஏரியாவுல அவ்வளவு மோசம் இல்லப்பா" என்று சொல்லிவிட்டால் அவரைப் பாவமாகப் பார்ப்போம். வாழத் தெரியாதவர் போலிருக்கிறது.

ஆகவே ஆரம்பித்தோம். ஒருத்தன் வெள்ளத்தைச் சொன்னான்: மழை பெய்து, கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகள் இருக்கிற இடத்தில் படகு விட்டார்கள். உடனே இன்னொருத்தி கோடையைச் சொன்னாள்: போர்வெல் வற்றி, டேங்கர் வராமல், ஒரு வாரம் தெருமுனை ஜிம்மில் போய்க் குளித்தாளாம். ஒருவன் சாலைப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்த தழும்பைப் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினான். தெருநாய்கள் வந்தன. ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் வசிக்கும் பேராசிரியை, அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், நோட்டை மூடிவிட்டுத் தன் காரின்மேல் மரம் விழுந்ததை மரத்தின் சுற்றளவோடு சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. இவ்வளவு பேர் ஆடிய ஆட்டத்தில் ஜெயிக்க என்னிடம் ஒரு சீட்டு இருந்தது. "எங்க ஊர்ல ஒரு ஏரியே தீப்பிடிச்சு எரிஞ்சது ஆன்ட்டி" என்றேன்.

"ஏரியா? தண்ணி இருக்கிற ஏரியா?"

"ஆமா. தண்ணியோடதான்."

ஆன்ட்டி டம்ளரைக் கீழே வைத்தார். நான் அதோடும் விடவில்லை. காவிரிப் பிரச்சினை வந்தால் ஊரில் பஸ் எரியும், நாங்கள் தமிழர்கள் என்பதால் வீட்டில் கொஞ்சம் பயமாக இருக்கும் என்று சேர்த்தேன்.

"அப்ப எங்க ஓடுவீங்க?"

"எங்கயும் ஓட மாட்டோம் ஆன்ட்டி. டிவி சத்தத்தைக் குறைச்சு வெச்சுப்போம்."

எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. மகள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்சம் சத்தமாகவே போனாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் பல் தேய்க்கப் போனேன். அவள் சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"முடிஞ்சதா?"

"என்ன?"

"என் படிப்பு."

அப்புறம்தான் விஷயம் வந்தது. பெங்களூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையோடு. பதினாறு நாளில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா மட்டும் முடியாது என்று ஒரு மாதமாக நின்றுகொண்டிருந்து, கடைசியில் பாதி இறங்கி வந்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஆன்ட்டி தானே போய்க் கேட்டு எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்துக்கொண்டார். அதை நாங்கள் விருந்தோம்பல் என்று எங்கள் நோட்டில் எழுதிவைத்திருந்தோம். அது விசாரணை.

"பன்னிரண்டு பேர் வர்றாங்க, எப்படியும் நல்லதா நாலு வார்த்தை சொல்வாங்கன்னு நான் நாள் எண்ணிட்டிருந்தேன்" என்றாள். "ஒருத்தருக்குக்கூட வாய் வரலையா?"

"நாங்க சும்மா பேசிக்கிட்டிருந்தோம்."

"காலைத் தூக்கித் தழும்பு காட்டினாரே, அதுவும் சும்மாவா?"

இத்தனை கிரேயான் சுமந்து வந்து, இறங்கிக்கொண்டிருந்த ஒரு பயத்தை நாங்கள் மறுபடி ஏற்றிவிட்டிருக்கிறோம். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. ஏரியை நான் சொல்லியிருக்கவே வேண்டாம்.

அவசரக் கூட்டம் போட்டோம். யார் காதிலும் விழாத இடம் பங்கர்தான். கோழிகளைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு பேரும் பேராசிரியையும் ரஜாய்மேல் உட்கார்ந்து, பெங்களூரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்தோம். முதலில் எல்லோரும் ஒரே குரலில் "கிளைமேட்" என்றோம். பிறகு வெகுநேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. மெட்ரோ என்றான் ஒருவன். மசால்தோசை என்றாள் இன்னொருத்தி. பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன என்று பேராசிரியை சொன்னதும், அது எதற்கு வேண்டியிருக்கும் என்று ஆன்ட்டி யோசிப்பார் என்று அடித்துவிட்டோம்.

கடைசியில் மிச்சமிருந்த சார்ட் பேப்பரில் படமாகவே வரைந்துவிட்டோம்: மரங்கள், மெட்ரோ, சிரிக்கும் நர்சுகள், மூலையில் சூரியன். அதை எடுத்துக்கொண்டு ஊர்வலமாக ஆன்ட்டியிடம் போனபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள். ரெட்டைப் பின்னல் வாண்டு படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நம்பிக்கைப் படம்" என்று மற்ற பிள்ளைகளுக்கு அறிவித்தாள்.

ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மரியாதையான மனுஷி. கேட்டு முடித்துவிட்டு, "நேத்து ஏரி எரிஞ்சதுன்னு சொன்னீங்களே பேட்டா, ஒரே ராத்திரியில அணைச்சுட்டீங்களா?" என்றார்.

மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். ஏரிக்குப் பொறுப்பாளி என்ற முறையில் நான் நின்றேன். ஆன்ட்டி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே பேசினார்.

"இங்க சத்தம் கேட்டா எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். மாட்டைக் கயித்துலேர்ந்து அவுத்து விடணும். இவ கையைப் பிடிக்கணும். பதினேழு எட்டு வெச்சா பங்கர். இருட்டுலயும் போவேன், பனியிலயும் போவேன். இவ நாலு வயசுலேர்ந்து அப்படித்தான் போறோம். அங்க ஏதாவதுன்னா இவ எங்க ஓடுவா? அதை மட்டும் சொல்லு, நான் அனுப்பறேன்."

எட்டு நாள் பயிற்சிக் கையேட்டைப் புரட்டினாலும் இதற்கு ஒரு வரி கிடைக்காது. ஆனால் இந்தக் கேள்வியை இதே குரலில் கேட்கக்கூடிய இன்னொரு ஆளை எனக்குத் தெரியும். அவரைக் கூப்பிட்டால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அரைமணி நேரம் மாட்டுக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மகளிடம் போனைக் கேட்டேன். எங்கள் ப்ரீபெய்ட் சிம்கள் அந்தப் பக்கம் வேலை செய்யாது.

தெரியாத எண் என்று அம்மா இரண்டு தடவை கட் செய்தார். மூன்றாம் தடவை எடுத்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இதோ பாருப்பா, பார்சலும் வேணாம், கூரியரும் வேணாம், என் ஆதார்ல ஒரு தப்பும் இல்ல. நான் கவர்மென்ட் ஆபீஸ்ல இருக்கேன். போலீஸ்ல குடுத்துடுவேன்."

"அம்மா, நான்தாம்மா!"

"குரலை அப்படியே காப்பி அடிக்கிற மெஷின் வந்திருக்குன்னு பேப்பர்ல படிச்சுட்டுதான் உட்கார்ந்திருக்கேன். நீ என் பொண்ணுன்னா, கிளம்பற அன்னிக்கு உன்னை எதுக்குத் திட்டினேன் சொல்லு."

"ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டதுக்கு."

"...எங்கடி இருக்கே? இது என்ன நம்பர்? ஹிமாச்சல்ல எந்த ஊரு?"

"ஹிமாச்சல் இல்லம்மா."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபம் உச்சத்துக்குப் போனால் அம்மாவுக்குக் கன்னடம் கலந்துவிடும். "இவ்ளோ பெரிய சுள்ளு சொல்லிட்டுப் போயிருக்கே" என்றார். சுள்ளு என்றால் பொய். "சரி, அந்தம்மா கையில போனைக் குடு. உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு ஆன்ட்டியிடம் கொடுத்தேன். என் அம்மா தன் அல்சூர் உருதுவில் முதலில் கேட்டது பெங்களூரைப் பற்றி இல்லை.

"என் பொண்ணு அங்க பத்திரமா இருக்காளா ஜி?"

"பத்திரமா இருக்கா பஹன். ஆனா வீட்டுல சொல்லாம வந்திருக்காளே, அது சரியில்ல."

"அதைத்தான் ஜி நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பத்து நிமிஷம் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். அக்கா தங்கைகூட அப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஆன்ட்டி எங்கள் பட்டியலை ஒவ்வொன்றாக விசாரித்தார். ஏரி எரிந்தது உண்மையா? உண்மைதான், ஆனால் அது எங்கள் பக்கம் இல்லை. எங்கள் அல்சூர் ஏரியில் மீன் செத்து மிதக்கும், எரிந்ததில்லை. வெள்ளம்? வரும், அன்றைக்கு வெளியே விடமாட்டேன். நாய்? உண்டு, கையில் குடை வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா எதையும் மறைக்கவில்லை. மெட்ரோ, மசால்தோசை எதையும் சொல்லவும் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் காரியத்தையே கெடுத்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

கடைசியாக ஆன்ட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏதாவது ஆனால் இவள் எங்கே ஓடுவாள்?

"எங்க வீட்டுக்குத்தான்" என்றார் அம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில். "வேற எங்க? மெட்ரோவுல இறங்கி மார்க்கெட் பக்கம் திரும்பச் சொல்லுங்க. மூணாவது சந்து, பச்சை கேட். நான் ஆபீஸ்ல இருந்தா பக்கத்து வீட்டுல சாவி இருக்கும்."

ஆன்ட்டி மகளைப் பார்த்து, "நின்னுட்டே இருக்கியே, பேனா எடு, எழுதிக்கோ" என்றார். அவள் எழுதினாள். அவசரத்தில் மூணாவது சந்தை இரண்டு தடவை எழுதினாள்.

ஊர் திரும்பியதும் எனக்கு வீட்டில் கிடைத்ததைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் களப்பயண அறிக்கையில், சமூகத்தின் அச்சம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது என்று பேராசிரியை எழுதினார். யார் குறைத்தது என்று எழுத அதில் இடம் விடவில்லை.

ஆன்ட்டியின் மகள் தன் அப்பாவோடு வந்து கல்லூரியில் சேர்ந்தாள். ஹாஸ்டல் வைட்ஃபீல்ட் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுவாள், கிளம்பும்போது இன்னொன்று. மூன்றே மாதத்தில் டிராஃபிக்கைப் பற்றி அவள் புலம்பிய அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அங்கே சொல்வதற்கு என் அம்மா இருந்தார். வாராவாரம் அம்மாவும் ஆன்ட்டியும் போனில் பேசி, நாங்கள் இரண்டு பேரும் என்ன சாப்பிடவில்லை, எதற்குத் தூங்கவில்லை என்று அறிக்கை பரிமாறிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு மே மாதம் அங்கே மறுபடி குண்டு விழ ஆரம்பித்தது. சில நாளில் ஓய்ந்துவிட்டது, அவர்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவைத்துக் கதை சொல்ல எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. காலையில் செய்தியைப் பார்த்ததும் அம்மா அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஹாஸ்டலுக்குப் போய் அவளைக் கூட்டிவந்துவிட்டார். அவள் போனில் ஒரே எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள். லைன் போகவில்லை. அம்மா தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பகல் மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஆன்ட்டிதான். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், குழந்தை அழுகிற சத்தம், கோழிகளின் சத்தம். பங்கருக்குள்ளிருந்து பேசினார். அவள் "அம்மீ" என்று கூப்பிட்டாள். ஆன்ட்டி அதற்குமேல் அவளைப் பேச விடவில்லை. அவருக்கு வேறு அவசரம்.

"நேத்து போன்ல பார்த்தேன். உங்க ஊர்ல மழையாம், ரோட்டுல இடுப்பளவு தண்ணியாம். நீ வெளிய கிளிய போனியா?"

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"இல்ல ஜி, வெளிய விடுவேனா? எங்க வீட்டுலதான் இருக்கா. என் கண் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கா. நீங்க கவலைப்படாதீங்க."

"ஷுக்ர் ஹை, நல்லவேளை" என்றார் ஆன்ட்டி. நிம்மதியான பெருமூச்சு கேட்டது. ஏதோ பலமாகச் சத்தம் வந்து லைன் அறுந்தது.

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சோறு ஆறிப்போயிருந்தது, ரசத்தைச் சுட வைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்து முன்னால் வைத்து, என் அம்மா சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.